சுப்புவின் வழக்கு: ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் பழி இருந்த இடம்

குற்றமும் பழிவாங்கலும் நிறைந்த ஒரு படத்தில், சேரவே வாய்ப்பில்லாத இருவருக்கிடையே காதல் ஒன்றும் வளர்ந்தால், பழியை ஒரு பக்கத்திலும் காதலை மறுபக்கத்திலும் வைத்துப் பார்ப்பது நம் பழக்கம். தியாகராஜன் குமாரராஜா எழுதி இயக்கிய முதற்படமான ‘ஆரண்ய காண்டம்’ அந்தப் பழக்கத்தைத் துணையாகக் கொண்டே பார்வையாளரை வேறு திசைக்கு அழைத்துச் செல்கிறது. பழி என்று எண்ணி நாம் பின்தொடரும் கதை, உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு கணவன் தன் மனைவியை உயிரோடு மீட்கப் படும் பாடு. காதல் என்று எண்ணி நாம் மனம் இளகும் கதைதான் அந்தப் படத்தில் முழுமையாக நிறைவேறும் பழிவாங்கல். இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பதையும், மட்டக்களப்பில் அதைப் பார்த்தவர்கள் அதை எவ்வாறு வாசித்தார்கள் என்பதையும் இந்த நிகழ்வு ஆய்வு பதிவு செய்கிறது.

எங்கள் திரைப்பட வட்டம் சிறியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கூத்துக் கலைஞர்கள், கல்லடியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பவர்கள், கைபேசியிலும் இரவல் கமராவிலும் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள், வைகாசியில் கோயிலில் கண்ணகி வழக்குரை பாடும் பெண்கள் சிலர் என்று கலந்த கூட்டம் அது. வயது வந்தோருக்கான படம் என்பதால் பள்ளி மாணவர்களை அழைக்கவில்லை. படத்தின் முடிவைத் தொடாமல் எங்கள் கேள்விக்குள் நுழைய வழியே இல்லை; ஆகவே இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

படம் வந்த வழி

எஸ். பி. பி. சரண் தயாரித்த இந்தப் படம் 2010ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடைபெற்ற தெற்காசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான நடுவர் குழுப் பரிசைப் பெற்ற பின்னரும், தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வர 2011 ஜூன் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் தணிக்கைக் குழு 52 வெட்டுகளைக் கேட்டது. படக்குழு அதை ஏற்காமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் வயது வந்தோருக்கான சான்றிதழைப் பெற்றது. இதைத் தயாரிப்புக் கதையாக மட்டும் கடந்துவிட முடியாது. படத்தில் வரும் வசைச்சொற்களும் அடியும் அந்த மனிதர்கள் ஒருவரையொருவர் அளந்துகொள்ளும் முறையாக இருக்கின்றன. யார் யாரை எந்தச் சொல்லால் அழைக்கிறார் என்பதிலேயே அன்றைய அதிகாரத்தின் அளவு தெரிகிறது. அந்தச் சொற்களை எடுத்துவிட்டால், ஓயாமல் இழிவுபடுத்தப்படும் சப்பை என்ற இளைஞனைப் புரிந்துகொள்ள வழியில்லை. சப்பை புரியாவிட்டால், அவன் காதலிக்கும் சுப்புவும் புரியமாட்டாள்.

58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இயக்குநரின் சிறந்த முதற்படத்துக்கான இந்திரா காந்தி விருதும், பிரவீன் கே. எல்., என். பி. ஸ்ரீகாந்த் இருவருக்கும் சிறந்த படத்தொகுப்புக்கான விருதும் கிடைத்தன. வசூலில் படம் எழவில்லை. இயக்குநரின் அடுத்த படம் 2019இல்தான் வந்தது. இங்கே பலர் இதைக் குறுவட்டிலும், பிறகு கைமாறி வந்த பென்டிரைவிலும் பார்த்தவர்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லிச் சொல்லியே இந்தப் படம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ஒரு பகலுக்குள் நடப்பவை

கதை வட சென்னையில் ஒரே நாளில் நடக்கிறது. வயது ஏறிவிட்ட கும்பல் தலைவர் சிங்கப்பெருமாள் (ஜாக்கி ஷெராஃப்), தன் வீட்டில் வைத்திருக்கும் இளம்பெண் சுப்புவிடம் (யாஸ்மின் பொன்னப்பா) தோற்கும் இடத்தில் படம் தொடங்குகிறது. அந்தத் தோல்விக்கான அடியை வாங்குபவள் அவள். அன்று காலை, அவருடைய வலக்கையான பசுபதி (சம்பத் ராஜ்), எதிர்க் கும்பலான கஜேந்திரனுக்குரிய கொக்கேன் சரக்கைக் குறைந்த விலைக்குக் கைப்பற்றலாம் என்றும், அதற்கு 50 இலட்சம் ரூபாய் வேண்டும் என்றும் கேட்கிறான். தலைவர் தயங்குகிறார். பழைய துணிச்சல் போய்விட்டதா என்ற பொருளில் பசுபதி நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறான். முந்திய இரவில் படுக்கையறையில் பட்ட காயத்தின் மேலேயே அந்தக் கேள்வி விழுகிறது. ஆனால் அதை அறிந்தவர்கள் சிங்கப்பெருமாளும் சுப்புவும் நாமும் மட்டும்தான். பசுபதி அறியான். சிங்கப்பெருமாள் அவனைப் போகவிட்டு, கூடப் போகும் ஆட்களிடமே அவனை முடித்துவிடும்படி சொல்கிறார்.

கட்டளை கைபேசியில் வரும்போது பசுபதி அவர்களோடு அதே வண்டியில் இருக்கிறான்; அந்தக் குரல் அவன் காதிலும் விழுந்துவிடுகிறது. அதுவரை அந்த வண்டிக்குள் பெண்களை எப்படி வளைப்பது, அதில் ரஜினிக்கும் கமலுக்கும் என்ன பங்கு என்று வெட்டிப்பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கொல்லப் போகிறவர்களும் கொல்லப்பட வேண்டியவனும் ஒரே பகிடிக்குச் சிரித்த சில நிமிடங்களுக்குள் எல்லாம் மாறிவிடுகிறது. பசுபதி தப்புகிறான், அவன் மனைவி கஸ்தூரியைத் தலைவரின் ஆட்கள் பிடித்துவிடுகிறார்கள். மறுபுறம், ஒருகாலத்தில் நிலபுலத்தோடு வாழ்ந்து நொடித்துப்போன காளையனும் அவருடைய மகன் கொடுக்காப்புளியும் சேவற்கட்டுக்காக நகரத்துக்கு வருகிறார்கள். சரக்குப் பை தற்செயலாக அவர்களிடம் சிக்குகிறது. சிங்கப்பெருமாள் வீட்டில், சுப்புவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கும்பலில் எவரும் மதிக்காத சப்பையிடம் (ரவி கிருஷ்ணா) விடப்படுகிறது. அந்தப் பகலில் அவர்களிடையே காதல் அரும்புகிறது. இரவு முடிவதற்குள் சிங்கப்பெருமாள் சப்பையின் கையால் சாகிறார். அதன்பின் சுப்பு சப்பையைச் சுட்டுவிட்டுத் தனியாக வெளியேறுகிறாள்.

பசுபதி எதற்காக ஓடுகிறான்

வண்டியில் இருந்து தப்பிய கணத்தில் பசுபதிக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன: திரும்பிப் போய்த் தன்னைக் காட்டிக்கொடுத்தவரைக் கொல்வது, அல்லது மனைவியோடு ஊரைவிட்டு ஓடுவது. வழமையான பழிவாங்கும் படம் முதல் வழியைப் பிடித்துக்கொண்டு, இறுதிக் காட்சியில் சீடனையும் தலைவனையும் நேருக்கு நேர் நிறுத்தும். இங்கே அந்த மோதல் நடப்பதே இல்லை. பசுபதியின் ஒவ்வொரு அசைவும் கஸ்தூரி இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்ற கவலையில் இருந்தே பிறக்கிறது. அவன் செய்யும் கொலைகளும் தன்மேல் பாயும் இரு கும்பல்களுக்கும் நடுவில் தப்பிப் பிழைப்பதற்கானவை. சிங்கப்பெருமாளின் சாவு அவன் கையால் நிகழவில்லை என்பதைப் படம் மிகத் தெளிவாக வைத்திருக்கிறது. இறுதியில் தலைவனின் இடம் அவனுக்கு வந்து சேர்கிறது என்றாலும், அன்று காலை வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவன் அதைக் கேட்டிருக்கவில்லை.

படத்தின் தலைப்பு இராமாயணத்தில் சீதை கவரப்படும் காண்டத்தின் பெயர் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். கஸ்தூரி கவரப்படுகிறாள், கணவன் தேடி வருகிறான். ஆனால் அதே வீட்டின் இன்னோர் அறையில், எவரும் தேடி வராத ஒரு பெண் முன்பிருந்தே அடைபட்டிருக்கிறாள். ஒரே சீதையை இயக்குநர் இருவராகப் பிரித்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்: ஒருத்திக்கு இராமன் இருக்கிறான், மற்றவளுக்கு இல்லை. பேராசிரியர் சித்திரலேகாவும் பேராசிரியர் மௌனகுருவும் வாழும் ஊரில், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தனின் தயாரிப்பாகப் பேராதனையில் மேடையேறி, மௌனகுரு இராவணனாக ஆடிய ‘இராவணேசன்’ கூத்தைக் கேள்விப்பட்டிராத அரங்க மாணவர் எவரும் இல்லை. எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் இராமாயணத்தை இராவணன் பக்கமிருந்து பார்த்துப் பழகியவர்கள். ஆகவே சிங்கப்பெருமாளின் தனிமையை, இறங்கிக்கொண்டிருக்கும் ஓர் அரசனின் தனிமையாக அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். அசோக வனத்தில் இருந்து சீதை தானே எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் அவர்களுக்கும் புதிதாக இருந்தது.

சுப்புவின் அறை

பி. எஸ். வினோத்தின் ஒளிப்பதிவு சிங்கப்பெருமாளின் வீட்டை வெயில் எட்டாத இடமாகவே வைத்திருக்கிறது. வெளியே ஆண்கள் ஓடுகிறார்கள், துரத்துகிறார்கள், வண்டியில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்; உள்ளே சுப்பு இருக்கிறாள். சப்பையும் ஒருவகையில் உள்ளேயே இருப்பவன்தான். ஆண்களின் வேலை என்று கும்பல் எதைக் கருதுகிறதோ அதற்கு அவன் தகுதியற்றவன் என்று முடிவு செய்யப்பட்டுவிட்டதால்தான் பெண்ணைக் காவல் காக்கும் வேலை அவனுக்குக் கொடுக்கப்படுகிறது. அவனிடம் ஒரு பெண்ணை நம்பி விடலாம், அவனால் என்ன செய்துவிட முடியும் என்ற இளக்காரமே அந்தப் பொறுப்பு. இருவரையும் இழிவுபடுத்துபவர் ஒரே ஆள். எனவே அவர்கள் நெருங்குவது முதற்பார்வையில் மிக நியாயமாகத் தெரிகிறது. அடிபட்ட இருவர் ஒருவருக்கொருவர் ஆறுதலாகிறார்கள் என்று நம் மனம் தானாகவே கதையை எழுதிக்கொள்கிறது.

நடிகர் தேர்வும் அந்த எழுத்துக்கு உதவுகிறது. ரவி கிருஷ்ணா 2004இல் வெளியான ‘7ஜி ரெயின்போ கொலனி’யில் காதலுக்காக உருகும் இளைஞனாக நம் மனத்தில் பதிந்தவர். அவர் சப்பையாக வந்து தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கும்போதே, இவன் காதலிக்கப் போகிறவன், இவனுடைய காதல் உண்மையானது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். அந்த முடிவு தவறில்லை; சப்பையின் காதல் கடைசிவரை உண்மையானது. நாம் தவறுவது, அவனுடைய உண்மையை வைத்து அவளுடைய மனத்தையும் அளந்துவிடும் இடத்தில். யாஸ்மின் பொன்னப்பா புதுமுகம். அவரோடு ஒட்டிக்கொண்டு வரும் பழைய பாத்திரம் எதுவும் இல்லாததால் அந்த முகத்தில் நாம் விரும்பியதை எழுதிக்கொள்ள முடிகிறது. சப்பை செய்வதும் அதுவே.

இரண்டாம் முறை பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. சுப்பு தன் துயரத்தைச் சொல்கிறாள். சப்பை அதைத் தாங்கும் தோளாகத் தன்னை எண்ணிக்கொள்கிறான். அவள் சொல்வதில் பொய் இருக்கிறதா என்று தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. அவள் அடி வாங்கியது உண்மை, அடைபட்டிருப்பது உண்மை, வெளியேற விரும்புவது உண்மை. தன்னோடு அவன் வருவதை அவள் விரும்புகிறாளா என்பது ஒன்று மட்டும்தான் மறைந்திருக்கிறது. நாடகமாடும் பெண் என்று அவளை எளிதாக ஒதுக்கிவிட முடியாதபடி, அவள் வாயில் வரும் சொற்கள் எல்லாவற்றையும் இயக்குநர் மெய்யாகவே வைத்திருக்கிறார். எழுதுவதற்கு மிகக் கடினமான இடம் இது. ஏமாற்றும் பாத்திரத்தைப் பொய்களால் கட்டுவது எளிது. மெய்யை மட்டும் பேசவிட்டு, பார்வையாளரும் காதலனும் சேர்ந்தே ஏமாறும்படி செய்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

படத்தொகுப்புக்குக் கிடைத்த விருதின் பொருளை நான் இங்கேதான் உணர்கிறேன். நான்கு இழைகள் மாறி மாறி வெட்டப்படுவதால், வீட்டுக்குள் அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் துண்டுகளே நமக்குக் கிடைக்கின்றன. சுப்பு தனியாக இருந்து கணக்குப் போட்டிருக்கக்கூடிய நேரம் முழுவதும் ஆண்களின் ஓட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. பசுபதி எப்படித் தப்புவான், பை எங்கே போயிற்று என்று நாம் பதறிக்கொண்டிருந்த நிமிடங்களில்தான் அவளுடைய திட்டம் உருவாகியிருக்க வேண்டும். அவளுக்கு அது முன்பே இருந்ததா, அன்றைய பகலில் பிறந்ததா என்பதில் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாணவிகளில் பலர், சப்பை தன்னிடம் மயங்கியதைக் கண்ட பிறகே அவள் வழி கண்டாள் என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நெடுநாட் சினம் ஒன்று, கருவி கைக்கு வந்த அன்று திட்டமாக மாறியிருக்கிறது.

ஆனால் சப்பை செய்த குற்றம் என்ன? இந்தக் கேள்வியை எழுப்பியவர் குறும்படம் எடுக்கும் ஓர் இளைஞர். மிக வருந்தியே கேட்டார். சிங்கப்பெருமாள் சாவது நீதி என்றால், அவளை நேசித்தவன் சாவது எந்த நீதி என்பது அவர் கேள்வி. நான் நெடுநேரம் யோசித்த கேள்வியும் இதுவே. சப்பை அவளை அடிக்கவில்லை. ஆனால் அன்று காலை வரை அவள் அடிபடும் வீட்டில் வேலை செய்தவன். அவனுடைய காதலில் அவளுக்குக் கிடைக்கும் விடுதலையும், ஒருவர் மடியில் இருந்து இன்னொருவர் மடிக்கு மாறிய சாவியாகவே இருக்கிறது. அவன் நல்லவன் என்பதால் சாவி அவளிடம் வந்துவிடப் போவதில்லை. இதைச் சொன்னாலும் அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமாகிவிடாது. படமும் நியாயப்படுத்த முயலவில்லை. தேவைப்படுவதே அறம் என்ற கருத்தைத் தொடக்கத்திலேயே திரையில் எழுதிக் காட்டிவிட்ட படம், சப்பையின் உடலை நமக்கு முன்னால் கிடத்தி, அந்தக் கருத்துக்கு என்ன விலை என்று காட்டுகிறது. அவன்மேல் நமக்கு வரும் இரக்கத்தைக் கடைசிவரை அது பறிக்கவில்லை.

அண்ணாவியார் சொன்னது

படம் முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், படுவான்கரையைச் சேர்ந்த, கூத்துப் பழக்கும் ஆசானான மூத்த அண்ணாவியார் ஒருவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. என்ன நினைக்கிறீர்கள் ஐயா என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை, எங்கள் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் எல்லாவற்றையும்விடக் கதைக்கு நெருக்கமாக இருந்தது.

“மனே, சிங்கப்பெருமாளுக்கு வரவு இருக்கு, பசுபதிக்கு வரவு இருக்கு, சேவலோட வந்த ஆளுக்கும் மகனுக்கும் இருக்கு. அந்தப் புள்ளைக்கு மட்டும் வரவு குடுக்கல்ல. வரவு இல்லாம களரிக்குள்ள வந்த ஆள்தான் கடைசியில களரியையே எடுத்துக்கொண்டு போறா.”

கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வருகையை அறிவிக்கும் வரவுத் தரு என்ற பாட்டோடும் அதற்குரிய தாளத்தோடும் ஆடிக்கொண்டே, ஆடுகளமான களரிக்குள் வரும். அரசனா, தூதனா, அசுரனா என்பது அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். விடிய விடியப் பார்ப்பவர்கள் அதை வைத்தே கதையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுப்புவை நாம் முதலில் காண்பது சிங்கப்பெருமாளின் காட்சிக்குள், அவருடைய தோல்வியின் சாட்சியாக. அவளுக்கென்று ஓர் அறிமுகம் இல்லாததால் அவளுக்கென்று ஒரு கதை இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதும் இல்லை. எங்கள் கூத்தின் இரு ஆட்ட மரபுகளான வடமோடி, தென்மோடி பற்றி இதே அண்ணாவியார் இன்னொன்றையும் சொன்னார்: வடமோடி போருக்கும் வீரத்துக்கும் உரியது, தென்மோடி காதலுக்கு உரியது என்று சனம் பொதுவாக எண்ணினாலும், ஆடுபவனின் காலைப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும், இந்தப் படத்தில் உடுப்பு தென்மோடி உடுப்பு, கால் மட்டும் வடமோடியில் போகிறது. அதற்கு மேல் நான் விளக்கம் சேர்க்கத் தேவையில்லை.

கூத்துக்காரர்களை மிகவும் கவர்ந்தது காளையனாக வந்த சோமசுந்தரத்தின் நடிப்பு. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் பயின்றவர் அவர். திரையில் இது அவருக்கு முதற்படம். குடியும் பழம்பெருமையுமாக நொடித்துப்போன மனிதனின் உடலை, முதுகை வளைத்தும் கண்ணைத் தாழ்த்தியும் திடீரென்று நிமிர்ந்தும் அவர் காட்டும் விதத்தில் மேடைப் பயிற்சி தெரிகிறது என்று அவர்கள் சரியாகவே கண்டார்கள். அந்தத் தகப்பனை மகன் கொடுக்காப்புளி மதிக்கிறான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தகப்பன் கும்பலிடம் சிக்கியவுடன், தகப்பனை மீட்டுத் தந்தால் பையைத் தருகிறேன் என்று பசுபதியோடு பேரம் பேசுபவன் அந்தச் சிறுவன். அப்பாவை உனக்கு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்கப்படும்போது, அப்படி இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்ற பொருளில் அவன் சொல்லும் பதிலைக் கேட்டு எங்கள் அரங்கு அசையாமல் இருந்தது. படத்தில் எந்தக் கணக்கும் எந்தப் பழியும் கலக்காத அன்பு அது ஒன்றே. எதிர்பாராத காதல் இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், சப்பையைக் காட்டுவதற்கு முன் இந்தச் சிறுவனைக் காட்டுவேன்.

கஸ்தூரி பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். பசுபதியின் ஓட்டம் முழுவதும் அவளுக்காகவே என்றாலும், அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. சுப்புவின் முகத்தை இவ்வளவு கவனமாகக் கட்டிய இயக்குநர் கஸ்தூரியை மீட்கப்பட வேண்டிய ஒருத்தியாக மட்டும் விட்டுவிட்டார். ஒரே வீட்டில் இருந்த அந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் எப்படிக் கண்டிருப்பார்கள் என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது.

இங்கே எழுதப்படும் கதைகள்

எங்கள் வட்டத்துக்கு வரும் குறும்படக் கதைகளில் பழிவாங்கல் கதைகள் நிறைய. மணல் அகழ்வுத் தகராறு, வாவியில் வலை வெட்டிய சண்டை, கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் விற்பவர்களின் போட்டி என்று களம் நம் ஊராக இருந்தாலும், கதைக்குள் இருக்கும் பெண் பெரும்பாலும் இரு ஆண்களின் சண்டைக்குக் காரணமாக மட்டுமே வருகிறாள். ‘ஆரண்ய காண்டம்’ பார்த்துவிட்டு எழுதிய சிலரும் அதன் மங்கிய வெளிச்சத்தையும் கத்திச் சண்டையின் மெதுவான அசைவையும் எடுத்துக்கொண்டார்கள். பழியை அது எங்கே ஒளித்து வைத்தது என்பதைக் கவனிக்கவில்லை. வாவியோரக் கதை எழுதிய ஒருவரிடம், அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு என்ன தெரிந்திருந்தது என்று மட்டும் கேட்டோம். அவர் மறுவாரம் கொண்டுவந்த எழுத்தில் வலையை வெட்டியது யார் என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அவள் அதைச் சொல்லாமல் இருந்ததே கதையாகியிருந்தது. அதில் ஒரு கத்திகூட இல்லை.

இந்த மாவட்டத்தில் பழியைப் பற்றிக் கதை எழுதுவது இலேசான காரியம் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் பதில் கேட்டு நிற்கும் ஊர் இது. திரையில் ஒருவர் பழி தீர்த்துக்கொள்வதைக் கண்டு கைதட்டுவோர் எங்கள் கூட்டத்தில் குறைவு. சிங்கப்பெருமாள் செத்தபோது எழுந்த பெருமூச்சு சப்பை விழுந்தபோது அப்படியே நின்றுபோனதை நான் கவனித்தேன்.

கடைசிக் குரல்

எனக்கு இந்தப் படத்தில் நெடுங்காலமாக இருந்த முறைப்பாடு, முடிவில் வரும் சுப்புவின் குரல். சப்பையும் மற்ற ஆண்களைப் போல ஓர் ஆணே, எல்லா ஆண்களும் சப்பைகளே என்ற பொருளிலும், உலகம் ஆண்களுடையதாக இருப்பதே பெண்ணாக இருப்பதில் உள்ள வசதி என்ற பொருளிலும் அவள் பேசுகிறாள். துப்பாக்கி வெடித்த கணத்திலேயே நமக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தை வைத்தே இவ்வளவு தூரம் வந்த படம் கடைசியில் சொற்களை நம்புவானேன் என்பது என் எண்ணம். அதைச் சோதிக்க, இன்னொரு குழுவுக்குத் திரையிட்டபோது அந்தக் கடைசிப் பகுதியை ஒலியில்லாமல் ஓட்டினோம்.

விளைவு நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. ஒலியோடு பார்த்தவர்கள் சுப்புவோடு வாதாடினார்கள்: அவள் சொல்வது சரியா, சப்பையை அப்படி எண்ணலாமா என்று அவளையே எதிரில் வைத்துப் பேசினார்கள். ஒலியில்லாமல் பார்த்தவர்கள் அவளைப் பற்றிப் பேசினார்கள்: பணத்துக்காகச் செய்தாள் என்றார் ஒருவர், பயத்தில் சுட்டுவிட்டாள் என்றார் இன்னொருவர், வேறு ஆள் யாரும் வெளியே காத்திருக்கிறானா என்றுகூட ஒருவர் கேட்டார். குரல் போனவுடன் அவளுடைய பழியும் போய்விட்டது. அவரவர் கைக்கு அகப்பட்ட காரணத்தை அவள்மேல் வைத்தார்கள்.

அம்பாறை மாவட்டத்தில் தம்பிலுவிலும் காரைதீவும், இங்கே வந்தாறுமூலையும் போன்ற ஊர்களின் கண்ணகி கோயில்களில் வைகாசியில் வழக்குரை பாடி, இறுதியில் அம்மனின் சினம் தணியக் குளிர்த்தி செய்வார்கள். அப்படிப் பாடும் அக்கா ஒருவர் இரண்டு திரையிடலுக்கும் வந்திருந்தார். ஒலியை நிறுத்தியது யார் என்று கேட்டார். நான்தான் அக்கா, படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை அவள் திரும்பச் சொல்வது தேவையா என்றேன்.

“தம்பி, கண்ணகை அம்மன் மதுரைய எரிக்கிறதுக்கு முதல் அரசன்ட சபையில நிண்டு வழக்குச் சொன்னவ. சிலம்ப உடைச்சுக் காட்டினவ. இந்தப் புள்ளைக்குச் சபை எங்க இருக்கு? எரிச்சுப்போட்டுத்தான் வழக்குச் சொல்ல ஏலும். அதக் கேக்கிறதுக்கும் நாங்கதான் இருக்கம். அதையும் நிப்பாட்டினா எப்படி?”

அந்தக் குரலில் இருக்கும் சொற்கள் தேவைக்கு மேல் கூர்மையானவை என்ற என் கருத்து இன்னும் மாறவில்லை. எல்லா ஆண்களையும் ஒரே சொல்லில் அடக்கும்போது சப்பையின் மென்மைக்குப் படம் அதுவரை கொடுத்த இடத்தை அதுவே குறைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் குரல் அங்கே இருக்க வேண்டும் என்பதில் அக்கா சொன்னதே சரி. வழக்கை உரைக்காத பழி வெறும் கொலையாகவே பார்க்கப்படும் என்பதை ஒலியில்லாமல் பார்த்தவர்களின் பேச்சே எனக்குக் காட்டியது. அடுத்த திரையிடல் வாழைச்சேனையில் நடக்கவிருக்கிறது. அங்கே படத்தைக் கடைசிச் சொல் வரை ஒலியோடு ஓட்டிவிட்டு, பேச்சைத் தொடக்கிவைக்கும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்திருக்கிறோம். குளிர்த்தி இல்லாத இந்த வழக்குரையை அவர் எங்கிருந்து தொடங்குவார் என்று மாணவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.